ரோத்தன்பர்க் பொம்மை ஊரா? ஒரு நாள் போதுமா? ஒரு விரிவான பதில்

மியூனிக்கில் வேலை பார்க்கும் நீங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை, அதே பவேரியா மாநிலத்தில் மதில் சூழ்ந்த பழைய ஊரான ரோத்தன்பர்க்குக்கு அழைத்துப் போக நினைக்கிறீர்கள். சனிக்கிழமை காலை ரயிலேறி இரவுக்குள் திரும்பிவிடலாமா, அங்கே எதையெல்லாம் பார்ப்பது, "அது சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்துவைத்த பொம்மை ஊர்" என்று அலுவலக நண்பர் சொன்னதில் உண்மை உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்தப் பக்கமாக நுழைந்து எப்படி நடப்பது என்பதும் தெரிந்துவிடும்.

நண்பர் சொன்னது முழுப் பொய் இல்லை. 1945 மார்ச் 31 அன்று அமெரிக்க விமானங்கள் இந்த ஊரின் மீது குண்டு போட்டன. ஊரின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளில் ஏறத்தாழ முந்நூறு வீடுகளும், மதிலின் பெரும் துண்டும், காவல் கோபுரங்கள் சிலவும் போயின. பழைய ஊரில் பத்தில் நான்கு பங்கு என்று கணக்குச் சொல்வார்கள். ஆக, நீங்கள் படம் எடுக்கப்போகும் "இடைக்கால" வீடுகளில் பலவற்றின் வயது உங்கள் அப்பாவின் வயதைவிடச் சற்றே அதிகமாக இருக்கலாம். ஆனால் மீதி ஆறு பங்கு உண்மையிலேயே பழையது. தேவாலயம், நகரமன்றம், மேற்கு, தெற்குப் பக்க மதில்கள், யூதர் தெரு எல்லாம் எழுநூறு, அறுநூறு, ஐந்நூறு ஆண்டுகள் கண்டவை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டே நடப்பதுதான் ரோத்தன்பர்க்கைச் சுற்றிப் பார்க்கும் சுவையான வழி என்பது என் எண்ணம். எல்லாமே பழையது என்று மயங்கி நடப்பவர்களும், எல்லாமே போலி என்று உதடு பிதுக்குபவர்களும் இந்தச் சுவையைத் தவறவிடுகிறார்கள்.

இந்த ஊர் எப்படி இவ்வளவு மிஞ்சியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1274இல் பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக ஆனது. 1400 வாக்கில் செல்வமும் செருக்கும் மிக்க ஊர். கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் மோதிய முப்பதாண்டுப் போரில் 1631இல் கத்தோலிக்கத் தளபதி டில்லியின் படை ஊரைப் பிடித்தது. சில ஆண்டுகளில் கொள்ளைநோயும் வந்தது. அதன்பின் ஊர் எழுந்திருக்கவே இல்லை. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டப் பணமில்லை. 19ஆம் நூற்றாண்டில் மற்ற ஜெர்மன் நகரங்கள் மதிலை இடித்து அகலச் சாலை போட்டபோது, இந்த ஊர் மூலையில் கிடந்தது. 1873இல்தான் ஒரு கிளை ரயில்பாதை வந்தது. ஓவியர்களும் பயணிகளும் அதில் வந்து வாய் பிளந்த பிறகுதான், தன் வறுமை ஒரு சொத்து என்று ஊருக்கே தெரிந்தது. 1898இல் பழமையைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார்கள். யார் வீட்டுக் கூரையும் முகப்பும் எப்படி இருக்கலாம் என்பதற்கு விதிகள் வந்தன. 1945க்குப் பிறகு ஊரைத் திரும்பக் கட்டியபோது, அதே தெருவமைப்பு, அதே கூர்ங்கூரை, அதே உயரம் என்று பிடிவாதம் பிடித்தது இந்த மரபுதான். முதல் இருநூறு ஆண்டுகள் வறுமை காத்தது. அடுத்து வந்த காலத்தில் பெருமை காத்தது.

இனி, ஒரு நாளா, ஓர் இரவா? தங்குங்கள். என்னைக் கேட்பவர்கள் எல்லோருக்கும் இதையே சொல்கிறேன். காலை பத்தரை வாக்கில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து ஊரை நிரப்பும். மாலை ஐந்துக்கு மேல் வடிந்துவிடும். அந்த இடைவெளியில் மட்டும் ஊரைப் பார்ப்பவர் கூட்டத்தைத்தான் பார்க்கிறார். அதிகாலையும் பின்மாலையும் உள்ளூர்க்காரர்களுக்கும் தங்குபவர்களுக்கும் சொந்தம். மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடும். போய்வரவே ஆறு மணி நேரம் என்றால் அப்பா அம்மாவுக்கு அது உல்லாசப் பயணமாக இருக்காது.

நீங்கள் மூவர் என்பதால் பயர்ன் டிக்கெட் வாங்குங்கள். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் பவேரியா முழுவதும் வட்டார ரயில்களில் போகலாம். விரைவு ரயில்களில் செல்லாது. வார நாட்களில் காலை ஒன்பதுக்குப் பிறகுதான் தொடங்கும், சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை. ஒரு நாளுக்கு ஒரு டிக்கெட் என்பதால், தங்கினால் இரண்டு வாங்க வேண்டும். வழியில் எங்கே மாறினாலும் கடைசி மாற்றம் ஷ்டைனாக் என்ற சிறு நிலையத்தில். அங்கிருந்து ரோத்தன்பர்க்குக் கால் மணி நேரம்தான், சிறு ரயில். இணைப்பு நேரம் குறைவு. பெட்டிகளை முன்கூட்டியே கதவருகே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் நிலையம் ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. பத்து நிமிட நடையில் ரோடர் வாயில் வந்துவிடும். அதாவது குண்டு விழுந்த பக்கமாகத்தான் நுழைகிறீர்கள். பலர் இதைக் கவனிக்காமல் நேராகச் சந்தைத் திடலுக்கு ஓடுகிறார்கள். நீங்கள் வாயிலிலேயே நின்றுவிடுங்கள். கோபுரத்தின் மேலே ஏற முடிந்தால், 1945 அழிவின் படங்களை அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். எரிந்த ஊரைப் படத்தில் பார்த்துவிட்டு, அதே சன்னலில் இன்றைய சிவப்புக் கூரைகளைப் பார்ப்பதைவிட நல்ல அறிமுகம் இந்த ஊருக்கு இல்லை.

கோபுரத்தின் அருகிலேயே மதில்மேல் ஏறும் படிக்கட்டு உண்டு. மதில் நடை இலவசம்; நாள் முழுவதும் திறந்திருக்கும். கூரை வேய்ந்த மரத்தளப் பாதை, ஒரு பக்கம் அம்புத் துளைகள் கொண்ட கல்சுவர், மறுபக்கம் கைப்பிடிக்கு அப்பால் கொல்லைப்புறங்களும் சமையலறைச் சன்னல்களும். சில இடங்களில் கூரை மிகத் தாழ்வு. உயரமானவர்கள் குனிய வேண்டும். படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறும்போது சமாளித்துவிடுவார்கள், இறங்கும்போதுதான் சிரமம். ஆகவே ஒரு முறை ஏறி, தெற்கே நீண்ட தூரம் நடந்து, ஒரே முறை இறங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். நடக்கக்கூடிய மதில் இரண்டரை கிலோமீட்டர் அளவு இருக்கும். முழுவதையும் நடந்தே தீர வேண்டியதில்லை.

இந்தக் கிழக்கு மதிலின் உட்சுவரைப் பாருங்கள். சிறு சிறு கற்பலகைகளில் பெயர்களும் ஊர்களும், பக்கத்தில் இத்தனை மீட்டர் என்ற எண்ணும் இருக்கும். போருக்குப் பின் மதிலை எழுப்பப் பணம் தந்தவர்களின் பெயர்கள் அவை. மீட்டர் கணக்கில் நன்கொடை வாங்கினார்கள். அமெரிக்கப் பெயர்கள் நிறைய, ஜப்பானியப் பெயர்களும் நிறைய. குண்டு போட்ட நாட்டின் குடிமக்கள் காசு கொடுத்து எழுப்பிய மதிலில், அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே போவது எனக்கு எந்தக் கோட்டையின் பீரங்கியைக் காட்டிலும் பிடித்த விஷயம். நண்பர் இதைப் போலி என்று சொல்வாரானால், எந்தக் கல் யார் காசில் வந்தது என்று இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த போலியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மதிலிலிருந்து கீழே கெர்லாக் கொல்லுப்பட்டறை தெரியும். கூர்ந்த முகப்பும் மரச்சட்டங்களுமாக அஞ்சலட்டைக்கென்றே பிறந்த வீடு. இடைக்காலக் கட்டடத்துக்கு உதாரணமாக இணையத்தில் சுற்றும் படங்களில் இதுவும் ஒன்று. போரில் அழிந்து அதன்பின் திரும்பக் கட்டப்பட்டது. தாராளமாகப் படம் எடுங்கள். தெரிந்துகொண்டு எடுங்கள், அவ்வளவுதான்.

தெற்கே இறங்கினால் ப்ளோன்லைன். ஒரு தெரு இரண்டாகப் பிரிந்து, ஒன்று மேலேறி ஸீபர் கோபுரத்துக்கும் மற்றது சரிந்து கோபோல்ட்செல் வாயிலுக்கும் போகிறது. நடுவில் ஒடுங்கிய மஞ்சள் வீடு. உலகத்தில் எல்லோரிடமும் இந்தப் படம் இருக்கிறது. பகலில் அங்கே நின்றால் யாராவது ஒருவர் முதுகுதான் கிடைக்கும். காலை ஏழு மணிக்குப் போங்கள். இதற்குமேல் ப்ளோன்லைனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால் ஸீபர் கோபுரத்தைத் தாண்டித் தெற்கே தொடருங்கள். கூட்டத்தில் பெரும்பகுதி படம் எடுத்துவிட்டு இங்கேயே திரும்பிவிடும். அப்பால் இருப்பது மருத்துவமனைப் பேட்டை. 13ஆம் நூற்றாண்டில் நோயாளிகளையும் இரவில் வாயில் மூடியபின் வந்து சேரும் வழிப்போக்கர்களையும் தங்கவைக்க ஊருக்கு வெளியே கட்டிய தர்ம ஆஸ்பத்திரி. பிற்பாடு மதிலை நீட்டி இதையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். முற்றத்து நடுவில் கூம்புக் கூரையோடு ஹேகரைட்டர் வீடு நிற்கிறது, 1591ஆம் ஆண்டினது. பக்கத்தில் குதிரைகளைப் பூட்டி ஓட்டிய பெரிய மாவு ஆலை. முற்றுகையின்போது பகைவர் கையில் ஆற்றுப்படுகை போய்விட்டால் நீர் ஆலைகள் பயன்படா என்பதால் உள்ளேயே குதிரை ஆலை வைத்தார்கள். இன்று அது இளைஞர் விடுதி, குடும்பங்களும் தங்கலாம். கடைக்கோடியில் மருத்துவமனைக் கொத்தளம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பீரங்கிக் காலத்துக்கு ஏற்ப எட்டு என்ற எண்ணின் வடிவில், இரண்டு உள்முற்றங்களோடு கட்டியது. வாயிலின் மேலே லத்தீனில் ஒரு வாசகம்: உள்ளே வருவோருக்கு அமைதி, வெளியே செல்வோருக்கு நலம். இந்தப் பக்கம் குண்டு விழவில்லை. தொடுவதெல்லாம் பழைய கல்.

ஊரின் மேற்கு முனையில் கோட்டைத் தோட்டம் இருக்கிறது. பேர்தான் கோட்டை, கோட்டை இல்லை. 1142இல் ஹோஹன்ஷ்டவ்ஃபன் வம்சத்துக் கொன்ராட் அரசர் இங்கே கட்டத் தொடங்கிய கோட்டை 1356 நிலநடுக்கத்தில் விழுந்தது. அந்தக் கற்களை ஊர் மதிலுக்கு எடுத்துக்கொண்டார்கள். சீர்செய்து வைத்த பிளாசியஸ் சிற்றாலயம் ஒன்று மிச்சம். நுழையும் வாயிலில் கல்முகம் ஒன்று வாய்திறந்து இருக்கும். பகைவர் தலையில் கொதிக்கும் தாரை ஊற்ற வைத்த வாய் அது. உள்ளே சமதளம், மரநிழல், பெஞ்சுகள். இங்கிருந்து டவ்பர் ஆற்றின் பள்ளத்தாக்கும், தெற்கே வளைந்து நிற்கும் ஊரின் முழுத் தோற்றமும் தெரியும். நகரமன்றக் கோபுரத்தின் இருநூற்றுச் சொச்சம் படிகளை அப்பா அம்மா ஏற வேண்டாம். முடிவில் ஏணி போன்ற படியும் குனிந்து நுழையும் ஒரு துளையும் உண்டு. அங்கே கிடைக்கும் காட்சிக்கு ஈடாக இங்கே மூச்சு வாங்காமல் ஒன்று கிடைக்கிறது. மாலை வெயில் ஊர் முகப்பில் விழும் நேரம் பார்த்து வாருங்கள்.

தோட்டத்திலிருந்து சந்தைத் திடலுக்கு வரும் அகலமான தெரு ஹெர்ன்காஸே, பழைய பணக்காரக் குடும்பங்களின் தெரு. அதில் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்கள் விற்கும் கேத்தே வோல்ஃபார்ட் கடை, வருடம் முழுவதும் கிறிஸ்துமஸ். அம்மா உள்ளே போனால் வெளியே வர நேரமாகும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தைத் திடலில் நிற்கும் நகரமன்றம் உண்மையில் இரண்டு கட்டடங்கள். பின்னால் கோபுரத்தோடு இருப்பது கோதிக் காலத்துப் பழையது. முன்னால் இருந்த பாதி 1501இல் எரிந்துபோக, 1570களில் மறுமலர்ச்சிப் பாணியில் முகப்பைக் கட்டினார்கள். அடியில் நிலவறைச் சிறை. ஊரை உச்சத்துக்குக் கொண்டுபோன நகரத் தலைவர் ஹைன்ரிக் டோப்ளரை, அவருடைய சகாக்களே சிறைவைக்க, 1408இல் அங்கேதான் இறந்தார்.

திடலின் வடபுறம் மன்றத்தாரின் மதுச்சாலை. அதன் கடிகாரத்தின் இரு பக்கச் சன்னல்களும் மணி அடித்ததும் திறக்கும். ஒன்றில் தளபதி டில்லி, மற்றொன்றில் முன்னாள் நகரத் தலைவர் நுஷ். கதை தெரிந்ததுதான்: மூன்றேகால் லிட்டர் வைனை ஒரே மூச்சில் குடித்துக் காட்டுபவர் இருந்தால் ஊரை எரிக்காமல் விடுகிறேன் என்றாராம் டில்லி, நுஷ் குடித்தாராம். டில்லி வந்தது உண்மை, ஊர் பிழைத்தது உண்மை, குடித்ததற்கு மட்டும் அந்தக் காலத்துச் சான்று இல்லை. ஊர்க்காரரான ஆடம் ஹோர்பர் இதை நாடகமாக எழுதி 1881இல் மேடையேற்றினார். இன்றும் பெந்தெகொஸ்தே விடுமுறையில் ஊரே வேடமிட்டு நடத்துகிறது. சன்னல் பொம்மையோ கையை மெல்ல உயர்த்தி இறக்குவதோடு சரி. கீழே நூறு பேர் கைப்பேசியை உயர்த்திக்கொண்டு நிற்கும் காட்சி அதைவிட வேடிக்கை.

பிழைத்த கதை இன்னொன்று உண்டு, இதற்குச் சான்று இருக்கிறது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஊரை நெருங்கியபோது, அமெரிக்கப் போர்த்துறையின் உதவிச் செயலராக இருந்த ஜான் மெக்ளாய், பீரங்கியால் தாக்க வேண்டாம் என்று தளபதி டெவர்ஸிடம் சொன்னார். தாய் மூலமாக அவருக்கு இந்த ஊரின் அழகு தெரிந்திருந்ததாம். தூதுவர்களாக வீரர்கள் உள்ளே போய்ப் பேச, ஊர்க்காவலுக்கு இருந்த ஜெர்மன் அதிகாரி ஹிட்லரின் ஆணையை மீறிச் சண்டையில்லாமல் ஒப்படைத்தார். வைன் கதைக்குக் கிடைத்த சன்னல் இந்தக் கதைக்குக் கிடைக்கவில்லை.

இப்போது ஜேக்கப் தேவாலயம். இந்த ஊரில் ஒரே ஒரு கட்டடத்துக்குள்தான் போவேன் என்றால் இதற்குள் போங்கள். 1311இல் தொடங்கி 1484 வரை கட்டினார்கள். சிறு கட்டணம் உண்டு. பலர் நேரே முன்னே நடந்து பெரிய பலிபீடத்தைப் பார்த்துவிட்டு வெளியேறிவிடுகிறார்கள். அதையும் பாருங்கள்: 1466இல் ஃபிரீட்ரிக் ஹெர்லின் வரைந்த பலகைகளின் பின்புறம் ஒன்றில் இதே சந்தைத் திடலும் எரிவதற்கு முந்தைய நகரமன்றமும் இருக்கின்றன. ஆனால் முக்கியமானது பின்னால், மேற்குக் கோடியில், படியேறிப் போக வேண்டிய மாடத்தில் இருக்கிறது. அந்த மாடத்துக்கு அடியில் ஒரு தெரு ஓடுகிறது. தேவாலயத்தைத் தெருவின் மேலேயே நீட்டிக் கட்டியிருக்கிறார்கள்.

அங்கே இருப்பது டில்மான் ரீமன்ஷ்னைடர் செதுக்கிய திருஇரத்தப் பீடம். 1501க்கும் 1505க்கும் இடையில் முடிந்த வேலை. லிண்டன் மரம், வண்ணம் பூசாத மரம். அந்தக் காலத்தில் தேவாலயச் சிற்பம் என்றால் பொன்னும் நீலமும் பூசுவார்கள். இவர் மரத்தின் நிறத்தையே விட்டுவிட்டு, ஒளியையும் நிழலையும் வண்ணமாக்கினார். பீடத்தின் நடுப்பெட்டிக்குப் பின்னால் சிறு சன்னல்கள் உண்டு. அவற்றின் வழியே வெளிச்சம் உருவங்களின் பின்னாலிருந்து வருகிறது. மேலே சிலுவைக்குள் பளிங்குக் குமிழில் இயேசுவின் திருஇரத்தம் என்று நம்பப்பட்ட துளி. அதைத் தரிசிக்கத்தான் யாத்திரிகர்கள் வந்தார்கள்.

காட்சி இறுதி இராவுணவு. நடுவில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். இயேசு இல்லை, யூதாஸ். கையில் பணப்பையோடு, நமக்கு முதுகைச் சற்றே காட்டி, இயேசு நீட்டும் அப்பத்தின் எதிரே நிற்கிறான். இயேசு ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறார். யோவான் அவர் மடியில் சாய்ந்து கிடக்கிறான். துரோகிக்கு நடு இடம் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பாவம் செய்தவனுக்கும் அப்பம் நீட்டப்படுகிறது என்பதைக் காண வந்த பாவிகளுக்குத்தானே அந்தப் பீடம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இறையியல் படித்தவர்கள் வேறு சொல்லக்கூடும். பன்னிரண்டு சீடர்களின் கைகளை மட்டும் ஒரு சுற்று பாருங்கள். நரம்பு தெரியும் கைகள், உழைத்த கைகள். அப்பாவுக்கு மரவேலையில் ஈடுபாடு இருந்தால் அங்கிருந்து நகர்த்துவது கடினம். காலையில் ஒரு முறை, வெயில் மேற்கே சாய்ந்தபின் ஒரு முறை வந்தால் முகங்கள் மாறியிருக்கும்.

ரீமன்ஷ்னைடர் வூர்ட்ஸ்பர்க் நகரத் தலைவராகவும் இருந்தவர். 1525 விவசாயிகள் போரில் ஆட்சியாளரான ஆயரை எதிர்த்துக் குடியானவர்கள் பக்கம் நின்ற நகர மன்றத்தில் இருந்ததற்காகச் சிறையில் வதைபட்டார். அதன்பின் பெரிய வேலை எதுவும் அவர் கைக்கு வரவில்லை. ரோத்தன்பர்க்கும் அந்த ஆண்டு கலகக்காரர்கள் பக்கம் சாய்ந்தது. தோற்ற பிறகு, அழகான அந்தச் சந்தைத் திடலில்தான் தலைகள் வெட்டப்பட்டன.

தேவாலயத்துக்கு வடக்கே சில அடிகள் நடந்தால் யூதர் தெரு. பயணக் கையேடுகள் இரண்டு வரியில் கடந்துவிடும் இடம். முதல் மதிலை இடித்து, அதன் அகழியைத் தூர்த்த இடத்தில் எழுந்த தெரு என்பதால் வளைந்து போகிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய யூத அறிஞர்களில் தலையானவரான ரபி மேயிர் பார் பாருக் பல ஆண்டுகள் இந்த ஊரில் கற்பித்தார். ரோத்தன்பர்க் மேயிர் என்றே வரலாறு அவரை அழைக்கிறது. நாட்டைவிட்டுப் போக முயன்ற அவரை ருடோல்ஃப் அரசர் சிறைவைத்தார். மீட்புப் பணம் கட்ட சமூகம் முன்வந்தும், கட்டினால் இதுவே வழக்கமாகிவிடும் என்று மறுத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1293இல் சிறையிலேயே இறந்தார். உடலைக்கூட உடனே தரவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து ஒரு செல்வர் பணம் கொடுத்து மீட்டு வோர்ம்ஸில் அடக்கம் செய்தார். வெள்ளைக் கோபுரத்தை ஒட்டி அவர் பெயரில் ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. சுவரில் பழைய எபிரேயக் கல்லறைக் கற்களின் நகல்கள் பதித்திருக்கிறார்கள்.

ஊர் யூதர்களுக்கு 1298இல் படுகொலை, 1520இல் ஊரைவிட்டே வெளியேற்றம். 19ஆம் நூற்றாண்டில் திரும்பி வந்து குடியேறியவர்களில் எஞ்சியிருந்த சிலரையும் 1938 அக்டோபரில் விரட்டினார்கள், நாடெங்கும் யூத ஆலயங்கள் எரிந்த நவம்பர் இரவுக்குச் சில வாரங்கள் முன்பே. நாஜிகளுக்கு இந்த ஊர் மிகவும் பிடிக்கும். கலப்பற்ற பழைய ஜெர்மனியின் மாதிரி என்று சொல்லி, தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா அனுப்பினார்கள். பொம்மை ஊர் என்ற நண்பரின் சொல் இந்த ஊருக்கு எப்போதாவது உண்மையிலேயே பொருந்தியது என்றால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான்.

வடக்கு முனையில் க்ளிங்கன் வாயில், அதோடு ஒட்டிய புனித வோல்ஃப்காங் ஆலயம். வெளிப்பக்கம் பார்த்தால் கோட்டைச் சுவர், உட்பக்கம் பார்த்தால் தேவாலயம். பலிபீடத்துக்கு அடியில் துப்பாக்கித் துளைகள் கொண்ட நிலவறைகள். ஆட்டிடையர்களின் கோயில் அது. திறந்திருந்தால் நுழையுங்கள்.

இடைக்காலக் குற்றவியல் அருங்காட்சியகத்துக்குப் போகலாமா என்றால், போகலாம், வதைக் கருவிகளை மட்டும் பார்த்து வராமல் இருந்தால். எடை குறைந்த ரொட்டி விற்ற பேக்கரிக்காரரைக் கூண்டில் போட்டுத் தண்ணீரில் முக்கியது, சண்டை போட்ட இரு பெண்களை ஒரே மரச்சட்டத்தில் கழுத்தை மாட்டி நேருக்கு நேர் நிறுத்தியது, கெட்ட வாசிப்புக்கு இசைக்கலைஞன் கழுத்தில் இரும்புக் குழல் பூட்டியது என்று அவமானத்தையே தண்டனையாக்கிய ஒரு சமூகம் அங்கே தெரியும். உள்ளே முட்கள் வைத்த "இரும்புக் கன்னி" முன்னால்தான் கூட்டம் நிற்கும். அந்த முட்கள் பிற்காலக் கற்பனை. இடைக்காலத்தில் அப்படி ஆட்களைக் கொன்றதற்கு ஆதாரம் இல்லை. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது என்றால் விட்டுவிடுங்கள், பெரிய இழப்பில்லை.

இரவு எட்டு மணிக்குச் சந்தைத் திடலில் கறுப்பு அங்கி, கையில் விளக்கும் ஈட்டிக்கோடரியுமாக இரவுக்காவலர் வந்து நிற்பார், ஆங்கிலத்தில் ஊர்ச்சுற்று. ஜெர்மன் மொழியில் அதற்குப் பிறகு தனியாக உண்டு. முன்பதிவு வேண்டாம், முடிவில் ரொக்கமாக வாங்கிக்கொள்வது வழக்கம். ஆண்டின் தொடக்கத்தில் குளிர் உச்சத்தில் நடக்காது. வாயில் மூடியபின் வந்தவர் நுழையும் சிறு ஓட்டைக்கதவு, கழிவு நீர், தீப்பயம் என்று நகைச்சுவையோடு சொல்லிக்கொண்டு போவார். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் முழுவதும் புரியாவிட்டாலும் விளக்கின் பின்னே நடப்பதே போதும். கூழாங்கல் தரை, தட்டையான, பிடிப்புள்ள காலணி போடச் சொல்லுங்கள்.

சாப்பாடு: சைவம் என்றால் பாலாடைக்கட்டியும் வறுத்த வெங்காயமும் போட்ட கேஸ்ஷ்பேட்ஸ்லே என்ற நூடுல்ஸ், உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும் எங்கும் கிடைக்கும். மாவுக்குள் பூரணம் வைத்த மாவுல்டாஷனில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். கடைக்குக் கடை கண்ணாடிக்குள் குவித்திருக்கும் "பனிப்பந்து" என்ற ஷ்னேபால், மாவு நாடாக்களைச் சுருட்டி எண்ணெயில் பொரித்தது. சாக்லேட், பிஸ்தா, கேரமல் என்று முலாம் பூசியவற்றை வாங்காதீர்கள். மாவுச் சர்க்கரை தூவிய சாதாரணமான ஒன்றை வாங்கி மூவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். நம் வீட்டு முறுக்கு மாவில் சர்க்கரை போட்டதுபோல் இருக்கிறது என்று அம்மா சொன்னால் வியப்பில்லை.

மறுநாள் காலை, கால் வலி இல்லாதவர்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கலாம். டவ்பரின் மேல் இரண்டடுக்கு வளைவுகளாக நிற்கும் இரட்டைப் பாலத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால், மதிலும் கோபுரங்களும் மலைமுகட்டில் வரிசையாகத் தெரியும். பாலமும் போரில் உடைந்து திரும்பக் கட்டியதே. ஆற்றோரம் நடந்தால் 1388இல் டோப்ளர் கட்டிய சிறு மாளிகை: கீழே ஒல்லியான கற்கோபுரம், மேலே அதைவிட அகலமான வீடு. இன்னும் போனால் டெட்வாங் கிராமம். அதன் பழைய சிற்றாலயத்தில் ரீமன்ஷ்னைடரின் இன்னொரு பீடம், சிலுவைக் காட்சி. ரோத்தன்பர்க்கில் வேறோர் ஆலயத்துக்காகச் செய்ததை இங்கே கொண்டுவந்தபோது இடம் போதாமல் பக்கங்களைக் குறைத்துவிட்டார்கள். அப்பா அம்மாவை டாக்சியில் அனுப்பிவிட்டு நீங்கள் நடந்து போகலாம்.

காலம் என்றால் மே, செப்டம்பர், அக்டோபர். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை அழகுதான். அறை வாடகையும் கூட்டமும் அதே அளவுக்கு ஏறியிருக்கும். கூட்டமே வேண்டாம் என்றால் தெற்கே டிங்கல்ஸ்பூல் இருக்கிறது, குண்டு படாத மதில் நகரம். ஆனால் ஜேக்கப் தேவாலயத்துப் பீடம் போன்ற ஒன்று அங்கே இல்லை. மதில்தான் முக்கியம் என்றால் நோர்ட்லிங்கன்: விட்டம் 25 கிலோமீட்டர் அளவுள்ள விண்கல் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஊர், மதிலின் மேல் ஒரு முழு வட்டமும் தொடர்ச்சியாக நடக்கலாம், தேவாலயக் கோபுரமே அந்த விண்கல் மோதலில் உருவான பாறையால் கட்டியது. மியூனிக்கிலிருந்து அது கிட்டவும்கூட. ஒரே நாளில் போய்த் திரும்பியே ஆக வேண்டும் என்றால் நேர்மையாக அதைத்தான் சொல்வேன்.

இல்லை, ரோத்தன்பர்க்தான், அதுவும் ஒரே நாள்தான் என்று முடிவாகிவிட்டால், விடியற்காலை முதல் ரயிலைப் பிடியுங்கள். ரோடர் வாயிலில் மதிலேறி மருத்துவமனைப் பேட்டை வரை நடங்கள். கூட்டம் திடலில் நிற்கும் நண்பகலைக் கோட்டைத் தோட்டத்து நிழலில் கழியுங்கள். மதியத்துக்கு மேல் ஜேக்கப் தேவாலயத்தின் மேற்கு மாடத்துக்கு ஏறுங்கள், பிறகு யூதர் தெரு. நகரமன்றக் கோபுரம், அருங்காட்சியகம், கிறிஸ்துமஸ் கடை மூன்றையும் விடுங்கள். திரும்பும் ரயிலின் நேரத்தை ஷ்டைனாக் இணைப்போடு சேர்த்துக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தேவாலயம் குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடும், வழிபாட்டு வேளைகளில் பார்வையாளர்களை விடமாட்டார்கள் என்பதால் அதன் நேரத்தையும் புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள்.